சிலந்தியின் வலையும் உழவனின் வயலும்

மழைக்காலம் முடிந்து பனி விழத் தொடங்கும் நாள்களில், விடியற்காலையில் நெல்வயலின் வரப்பின்மீது நடந்து செல்வோர் ஓர் இனிய காட்சியைக் காணலாம். நெற்பயிரின் தாள்களுக்கிடையே எண்ணற்ற சிறு வலைகள் பனித்துளிகளைக் கோத்து நிற்கும். கதிரவன் மேலேறியதும் துளிகள் உலர்ந்துவிடும். வலைகளும் கண்ணுக்குப் புலனாகாமல் மறையும். ஆயினும் அவை அங்கேயே உள்ளன. அவற்றைக் கட்டிய சிலந்திகளும் அங்கேயே உள்ளன.

வீட்டில் ஒட்டடை என்று துடைப்பத்தால் நீக்கப்படுவதும், வயலில் மருந்து தெளிக்கும்போது தீய பூச்சிகளோடு சேர்த்து அழிக்கப்படுவதுமே பெரும்பாலும் சிலந்தியின் கதியாக இருந்துவருகிறது. இச்சிறு பிராணி நூல் நூற்கும் முறையையும், வலை அமைக்கும் திறனையும், பயிருக்கு அது ஆற்றும் தொண்டையும் அறிந்தோர் அதனை அவ்வளவு எளிதில் அழிக்க மனங்கொள்ளார்.

உலகில் இதுவரை பெயரிட்டு விவரிக்கப்பட்டுள்ள சிலந்தி இனங்கள் 50,000-க்கும் அதிகமாகும். இந்தியாவில் மட்டும் 1,800-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. பிரிட்டிஷ் இந்தியாவின் சிலந்திகளையும் தேள்களையும் பற்றிய முதல் பெருநூலை போகாக் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி 1900-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர், 1916-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை இப்பணியைத் தொடர்ந்தது. அத்துறையின் இயக்குநராக விளங்கிய பி. கே. திகாதர் எழுதிய தொகுதிகள் 1980, 1982 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. இந்நாட்டுச் சிலந்திகளைக் கற்போருக்கு அவை இன்றியமையாத துணையாயின.

பூச்சி அன்று

எட்டுக்கால் பூச்சி என்று மக்கள் வழங்கினாலும் சிலந்தி பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிகளுக்குக் கால்கள் ஆறு; சிலந்திக்கு எட்டு. பூச்சியின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கும். சிலந்திக்கோ தலையும் மார்பும் ஒன்றாக இணைந்துள்ளன; ஒரு மெல்லிய இடையால் வயிறு அதனோடு பொருந்தியுள்ளது. சிலந்திக்குச் சிறகு இல்லை. பூச்சிகளுக்குள்ள உணர்கொம்பும் இல்லை. பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள் உண்டு. தேள், உண்ணி ஆகியவையே இதன் நெருங்கிய உறவினங்கள்.

சிலந்தியின் கால்கள் இயங்கும் விதமும் வியப்புக்குரியது. காலை மடக்குவதற்குத் தசைகள் உள்ளன. ஆனால் காலின் முக்கியமான சில மூட்டுகளை நீட்டுவதற்குத் தசையே இல்லை. உடலிலுள்ள குருதி நீரை அழுத்தத்துடன் கால்களுக்குள் செலுத்தி அவற்றைச் சிலந்தி நீட்டுகிறது. உயிர் நீங்கியதும் இவ்வழுத்தம் அற்றுப்போகிறது. இறந்த சிலந்தியின் கால்கள் உட்புறமாகச் சுருண்டு கிடப்பதன் காரணம் இதுவே.

நூல் பிறக்கும் விதம்

சிலந்தியின் வயிற்றின் கடைப்பகுதியில் நூற்புக் காம்புகள் உள்ளன. பெரும்பாலான இனங்களில் இவை மூன்று இணைகளாக அமைந்திருக்கும். வயிற்றினுள்ளே உள்ள சுரப்பிகளில் நூலுக்குரிய பொருள் திரவ வடிவில் ஊறுகிறது. இது ஒருவகைப் புரதமாகும். காற்றுப் பட்டவுடன் இத்திரவம் உலர்ந்து நூலாகிறது என்று முற்காலத்தில் கருதினர். உண்மை அதனினும் நுட்பமானது. திரவம் குறுகிய குழாய் வழியே வரும்போது அதன் நீர் குறைகிறது; அமிலத்தன்மை மாறுகிறது. அதே சமயத்தில் சிலந்தி தன் காலாலோ உடல் எடையாலோ அதனை இழுக்கிறது. இவ்விழுவிசையால் புரதத்தின் நுண்கூறுகள் ஒரே திசையில் அணிவகுத்துத் திண்மையான இழையாகின்றன. ஆகவே சிலந்தி நூலைப் பீய்ச்சுவதில்லை, இழுத்தே நூற்கிறது.

ஒரே சிலந்தி பலவகை நூல்களை நூற்க வல்லது. வட்ட வலை பின்னும் பெண் சிலந்திகளில் ஏழு வகைச் சுரப்பிகள் வரை உண்டு. வலையின் சட்டத்துக்கு ஒரு நூல், பூச்சியைப் பிடிக்க ஒரு நூல், அதன்மேல் பூசும் பசை, சிக்கிய இரையைச் சுற்றிக் கட்ட ஒரு நூல், முட்டைப் பையை நெய்ய ஒரு நூல் என ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி இழைகள் உள்ளன. சட்டத்துக்குரிய நூல், எடைக்கு எடை ஒப்பிடுமிடத்து எஃகினும் வலிமை மிக்கது. பூச்சி பிடிக்கும் நூலோ தன் நீளத்தைப்போல் இரு மடங்குக்கு மேலும் நீளக்கூடியது. வேகமாகப் பறந்து வந்து மோதும் பூச்சியை எதிர்த்து அறுந்துவிடாமல், வளைந்து கொடுத்து அதன் விசையைத் தணிப்பதற்கே இவ்வமைப்பு.

வலை பின்னும் முறை

வண்டிச் சக்கரத்தைப் போன்ற வட்ட வலையைச் சிலந்தி கட்டும் வரிசை முறை, ஒரு தேர்ந்த கொத்தனாரின் வேலைத் திட்டத்துக்கு ஒப்பானது.

முதலில் சிலந்தி உயரமான ஓரிடத்தில் நின்று ஒரு மெல்லிழையைக் காற்றில் மிதக்க விடுகிறது. அதன் நுனி எதிரேயுள்ள கிளையிலோ தாளிலோ தொற்றிக்கொண்டதும், சிலந்தி அதனை இழுத்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, அதன் வழியே நடந்து வலுவான நூலை இடுகிறது. இதுவே பாலம். பின்னர்ப் பாலத்தின் நடுவிலிருந்து ஒரு நூலில் கீழே இறங்கி அதனை அடியில் கட்டுகிறது. கவட்டைக் கிளை போன்ற இவ்வடிவத்தில் மூன்று இழைகளும் கூடும் இடமே வலையின் குடமாக அமைகிறது. அடுத்து வெளிச்சட்டத்தையும், குடத்திலிருந்து நாற்புறமும் செல்லும் ஆரக்கால்களையும் சிலந்தி அமைக்கிறது. ஓர் ஆரக்காலை இட்டதும், எப்பக்கம் இழுவிசை குறைவாக உள்ளதோ அப்பக்கத்தில் அடுத்ததை இடுகிறது. இதனால் வலை ஒருபுறம் சாயாமல் சமநிலையில் நிற்கிறது.

ஆரக்கால்கள் முடிந்தபின், குடத்திலிருந்து வெளிநோக்கி அகன்ற இடைவெளியுடன் ஒரு சுருள் இழையைச் சிலந்தி சுற்றுகிறது. இவ்விழையில் பசை இல்லை. சுவர் எழுப்புமுன் கட்டும் சாரம் போன்றதே இது. பின்னர், வெளிவிளிம்பிலிருந்து தொடங்கி உள்நோக்கி நெருக்கமாகப் பசையுள்ள சுருளை அமைக்கிறது. அவ்வாறு வருகையில் சாரத்தின்மீது கால் வைத்து நடந்து, தேவை தீர்ந்த இடத்தில் அதனை அறுத்து நீக்கிக்கொண்டே செல்கிறது. வேலை முடியும்போது சாரம் முற்றிலும் மறைந்து, பசைச்சுருளே எஞ்சுகிறது.

தோட்டச் சிலந்தி ஒன்றின் வலையில் உள்ள நூலை நீட்டினால் ஏறத்தாழ 20 மீட்டர் வரும். அதன் எடையோ ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. இவ்வளவு வேலையையும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சிலந்தி முடித்துவிடுகிறது. பெரும்பாலான வட்ட வலைச் சிலந்திகளின் பார்வை மங்கலானது. இருளிலேயே வலை கட்டுபவை பல. காலால் தொட்டும் நூலின் அதிர்வை உணர்ந்தும் அவை அளவறிகின்றன. இதனைத் தாய் கற்பிப்பதில்லை. முட்டைப் பையிலிருந்து வெளிவந்த குஞ்சு தானாகவே முறை பிறழாமல் சிறியதொரு வட்ட வலையைக் கட்டுகிறது.

தன் வலையில் சிலந்தி ஏன் ஒட்டிக்கொள்வதில்லை என்று மாணவர் கேட்பது இயல்பு. பசை சுருளிழையில் மட்டுமே உள்ளது. நடமாட்டத்துக்குப் பசையற்ற ஆரக்கால்களையே சிலந்தி பெரிதும் பயன்படுத்துகிறது. பசையைத் தொட நேரும்போதும், கால்களிலுள்ள நுண்மயிர்களும் அவற்றின்மேல் படிந்துள்ள பூச்சும் ஒட்டாமல் காக்கின்றன.

வலையை உண்ணுதல்

வடமொழியில் சிலந்திக்கு ஊர்ணநாபி என்று பெயர். முண்டக உபநிடதத்தில், பரம்பொருளிலிருந்து உலகம் தோன்றுவதற்குச் சிலந்தி தன்னிலிருந்து நூலை வெளிவிட்டு மீண்டும் உள்ளே ஏற்பது உவமையாகக் காட்டப்பட்டுள்ளது. இவ்வுவமை வெறுங் கற்பனையன்று. வட்ட வலைச் சிலந்திகள் பல, பசை உலர்ந்த பழைய வலையை நாள்தோறும் தின்றுவிட்டுப் புதிய வலையைக் கட்டுகின்றன. பீக்கால் என்னும் ஆராய்ச்சியாளர் கதிரியக்கப் பொருளால் நூலுக்கு அடையாளமிட்டுச் சோதித்து, 1971-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். தின்ற நூலின் பெரும்பகுதி மிகக் குறுகிய நேரத்தில் புதிய நூலாக மீண்டும் வெளிவந்தது. புரதத்தை வீணாக்காத இச்சிக்கனத்தாலேயே நாளொரு வலை கட்டுதல் சிலந்திக்கு இயல்கிறது.

ஆய்வுக்கூடத்திலும் விண்வெளியிலும்

1948-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் பீட்டர்ஸ் என்ற விலங்கியலார் சிலந்தி வலை கட்டுவதை ஆராய்ந்துவந்தார். சிலந்திகள் விடியுமுன் வலை கட்டியதால் அவர் உறக்கமிழக்க நேர்ந்தது. வலை கட்டும் நேரத்தை மாற்ற ஏதேனும் மருந்து உண்டா என அவர் பீட்டர் விட் என்ற மருந்தியலாரை வினவினார். சர்க்கரை நீரில் பல மருந்துகளைக் கலந்து சிலந்திகளுக்கு அளித்தபோது நேரம் மாறவில்லை; வலையின் வடிவமே மாறியது. காப்பியிலுள்ள காபீன் என்னும் பொருளை உண்ட சிலந்தியின் வலை ஒழுங்கு குலைந்து காணப்பட்டது. சிலந்தியின் நரம்பு மண்டலத்தில் நேரும் மாறுதலை வலையின் அளவுகளிலிருந்தே அறியலாம் என்பது இதனால் புலனாயிற்று.

மற்றொரு சோதனைக்கு வித்திட்டவர் ஒரு பள்ளி மாணவி. எடையற்ற நிலையில் சிலந்தியால் வலை கட்ட இயலுமா என்ற வினாவை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜூடித் மைல்ஸ் எழுப்பினார். 1973-ஆம் ஆண்டில் அராபெல்லா, அனிதா என்று பெயரிடப்பட்ட இரு தோட்டச் சிலந்திகள் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. அராபெல்லா முதலில் கட்டிய வலை அலங்கோலமாக இருந்தது. சில நாள்களில் நல்ல வட்ட வலையைக் கட்டிவிட்டது. எனினும் விண்வெளியில் நூற்ற நூலின் பருமன் ஒரு சீராக இல்லை. பூமியில் சிலந்தி தன் எடையைக் கொண்டே நூலை இழுக்கிறது. அவ்வெடை அற்ற இடத்தில் வேறு வழிகளை அது கைக்கொள்ள நேர்ந்தது. வகுப்பறையில் எழும் எளிய வினாவும் விஞ்ஞானத்துக்குப் பயன்படும் என்பதற்கு இது தக்க சான்று.

பலவகை வாழ்க்கை

எல்லாச் சிலந்திகளும் வலை கட்டுவன அல்ல. ஓநாய்ச் சிலந்தி தரையிலும் பயிரின் அடித்தாளிலும் ஓடித் திரிந்து வேட்டையாடும். பெண் சிலந்தி தன் முட்டைப் பையை நூற்புக் காம்புகளில் கட்டிச் சுமந்து திரியும். பொரித்த குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிச் சில நாள்கள் பயணம் செய்யும். சுவரில் ஈயைத் தொடர்ந்து பதுங்கிச் செல்லும் குதிக்கும் சிலந்திக்கு முன்னிரு கண்களும் பெரியவை; பார்வை மிகக் கூர்மையானது. தாவுமுன் அது ஒரு நூலைக் கட்டிவிட்டே தாவும்; தவறி விழுந்தால் அந்நூல் தாங்கும்.

குதிக்கும் சிலந்திகளுள் ஒன்றுக்குக் கிப்ளிங் எழுதிய காட்டுக் கதையில் வரும் கருஞ்சிறுத்தையின் பெயரால் 1896-ஆம் ஆண்டில் ‘பகீரா கிப்ளிங்கி’ என்று பெயரிடப்பட்டது. மத்திய அமெரிக்காவில் வாழும் இது, ஊன் உண்ணும் தன் இனத்தாருக்கு மாறாக, ஒருவகை வேல மரத்தின் இலை நுனிகளையே பெரும்பாலும் உண்பது 2009-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வால் தெரியவந்தது.

நம் நாட்டின் வறண்ட பகுதிகளில் முட்புதர்களின்மேல் அழுக்குத் துணி போன்ற அடர்ந்த கூடுகளைக் காணலாம். அவை ‘ஸ்டெகோடைபஸ்’ என்னும் கூட்டுச் சிலந்திகளின் குடியிருப்புகள். பல சிலந்திகள் ஒன்றுகூடிக் கூட்டைக் கட்டி, இரையையும் பகிர்ந்துண்கின்றன. இவற்றின் நூலில் பசை இல்லை. பின்னங்காலிலுள்ள சீப்பு போன்ற மயிர்வரிசையால் வாரி எடுத்த பஞ்சு போன்ற நுண்ணிழைகளே பூச்சியைச் சிக்கவைக்கின்றன. குஞ்சுகள் வளர்ந்ததும் தாய்ச் சிலந்தி தன் உடலையே அவற்றுக்கு உணவாக்குகிறது.

சிறகற்ற சிலந்தி கடலையும் கடக்க வல்லது. குஞ்சுகள் உயர்ந்த இடத்தில் ஏறி, வயிற்றைத் தூக்கி நூலை விட்டு, காற்றில் மிதந்து செல்கின்றன. 1832-ஆம் ஆண்டில் பீகிள் கப்பலில் சென்ற டார்வின், கரையிலிருந்து ஏறத்தாழ 60 மைல் தொலைவில் கப்பலின் கயிறுகளின்மீது இவ்வாறு எண்ணற்ற சிறு சிலந்திகள் வந்திறங்கியதைக் குறித்துள்ளார். காற்று மட்டுமன்றி வளிமண்டலத்திலுள்ள மின்புலமும் இப்பயணத்துக்கு உதவுவதை 2018-ஆம் ஆண்டில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் காட்டினர்.

ஆந்திரத்தின் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில், மரப்பொந்துகளில் வாழும் நீலநிறப் பெருஞ்சிலந்தி ஒன்று உண்டு. கூத்தி என்னும் ஊரில் கிடைத்த ஒரு சிலந்தியைக் கொண்டு போகாக் 1899-ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். அதன்பின் நூறாண்டுகளுக்கும் மேலாகக் காணக்கிடைக்காத இது, 2001-ஆம் ஆண்டில் நந்தியால் – கித்தலூர் இடையிலுள்ள காட்டில் மீண்டும் கண்டறியப்பட்டது. மரங்கள் வெட்டப்படுவதாலும், அழகுக்காகப் பிடித்து விற்கப்படுவதாலும் இவ்வினம் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

சிலந்தி நூலும் மனிதனும்

பட்டுப்புழுவைப்போல் சிலந்தியையும் வளர்த்து நூல் பெற இயலாதா என்ற ஆசை பழையது. பிரான்சு நாட்டில் போன் என்பவர் 1709-ஆம் ஆண்டில் சிலந்தி முட்டைப் பைகளின் நூலால் காலுறையும் கையுறையும் செய்து காட்டினார். இதனை ஆராயுமாறு பணிக்கப்பட்ட ரியோமூர், இது தொழிலாக நடைபெறாது என 1710-ஆம் ஆண்டில் முடிவு கூறினார். ஒன்றாக அடைத்தால் சிலந்திகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன என்பதே தலையாய காரணம். 2009-ஆம் ஆண்டில் மடகாஸ்கர் தீவிலிருந்து பொன்னிறச் சிலந்திப் பட்டாடை ஒன்று நியூயார்க் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அதற்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிலந்திகளிடமிருந்து நூல் எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு துறையில் மட்டும் சிலந்தி நூல் நெடுங்காலம் பயன்பட்டது. நில அளவைக்குரிய தியோடலைட் கருவியின் தொலைநோக்கிக் குழாயினுள் குறுக்கிழைகளாக அந்நூலைப் பொருத்தினர். அவ்வளவு மெல்லியதும் சீரானதும் வலியதுமான வேறு இழை அக்காலத்தில் எளிதில் கிட்டவில்லை.

அச்சமும் உண்மையும்

தமிழில் சிலந்தி என்னும் சொல் ஒருவகைக் கட்டியையும் குறிக்கும். வடநாட்டில் தோலில் திடீரென எரிச்சலுடன் கொப்புளம் தோன்றினால், சிலந்தி உடலில் ஊர்ந்ததால் வந்தது என்பர். ஆராய்ந்து பார்க்குமிடத்து, இத்தகைய கொப்புளங்கள் பலவற்றுக்குக் காரணம், விளக்கொளியை நாடி வரும் ‘பீடரஸ்’ என்னும் சிறு வண்டு உடலில் நசுங்கும்போது வெளிப்படும் நச்சு நீரே. ஏறத்தாழ எல்லாச் சிலந்திகளுக்கும் நஞ்சு உண்டெனினும் அது பூச்சிகளை அடக்குவதற்கானது. சில இனங்களின் கடி வலியும் உடல்நலக் கேடும் தரக்கூடும். பெரும்பான்மையானவை மனிதனுக்குத் தீங்கற்றவை. ஆகையால் சிலந்தியைக் கையால் பிடிக்காமல் கண்ணால் நோக்குவதே தக்கது. அஞ்சிக் கொல்ல வேண்டுவதில்லை.

வயலில் சிலந்தியின் பணி

உலகிலுள்ள சிலந்திகள் அனைத்தும் ஓராண்டில் உண்ணும் இரையின் எடை 40 கோடி முதல் 80 கோடி டன் வரை இருக்கலாம் என 2017-ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. இவ்விரையின் பெரும்பகுதி பூச்சிகளே.

நெல்வயலில் இதன் பொருளைத் தெளிவாகக் காணலாம். புகையான் என்னும் தத்துப்பூச்சி நெல்லின் அடித்தாளில் கூடிச் சாற்றை உறிஞ்சும். தாக்குண்ட பயிர் தீய்ந்ததுபோல் வட்ட வட்டமாகக் காய்ந்துவிடும். 1973–74-ஆம் ஆண்டில் கேரளத்தின் குட்டநாட்டில் இப்பூச்சி பெருகிப் பேரழிவை விளைத்தது. புகையான் வாழும் அதே அடித்தாளில்தான் ஓநாய்ச் சிலந்தியும் வேட்டையாடுகிறது. அது நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை உண்ணக்கூடியது. பயிரின் மேற்பகுதியில் நீள்தாடைச் சிலந்தி வலை விரித்துப் பறக்கும் பூச்சிகளைப் பிடிக்கிறது.

பூச்சியைக் கண்டவுடன் மருந்து தெளிப்பதால் நேருவது யாது? புகையானின் முட்டைகள் இலையுறையின் திசுவுக்குள் பொதிந்திருப்பதால் மருந்துக்குத் தப்பிவிடுகின்றன. வெளியில் திரியும் சிலந்திகளோ மடிகின்றன. சில நாள்களில் முட்டைகள் பொரித்து, உண்பார் இல்லாத வயலில் புகையான் முன்னினும் பன்மடங்கு பெருகுகிறது. செயற்கைப் பைரெத்ராய்டு மருந்துகள் சில இவ்வாறு மறுபெருக்கத்தை விளைப்பதாக ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. இத்துன்பத்தை அனுபவித்த இந்தோனேசிய அரசு, 57 வணிகப் பெயர்களில் விற்கப்பட்ட பூச்சிகொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தலாகாது என 1986-ஆம் ஆண்டில் தடை விதித்தது. இந்திய அரசும் 1985-ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்பு முறையைத் தன் கொள்கையாக ஏற்றது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்துள்ள அளவுகோல் இங்கே கருதத்தக்கது. சிலந்தி இல்லாத வயலில் தூர் ஒன்றுக்கு ஒரு புகையான் காணப்பட்டாலே மருந்து பற்றி எண்ண வேண்டும். குத்து ஒன்றுக்கு ஒரு சிலந்தி வீதம் உள்ள வயலிலோ, தூர் ஒன்றுக்கு இரண்டு புகையான் சேரும்வரை பொறுக்கலாம். அதாவது, குத்துக்கு ஒரு சிலந்தி இருப்பது, மருந்து தெளிக்க வேண்டிய எல்லையையே இரு மடங்காக உயர்த்திவிடுகிறது. உழவனின் மருந்துச் செலவு குறைவதும் கூடுவதும் இவ்வெண்ணிக்கையைப் பொறுத்தது.

செய்யத்தக்கவை

களப்பணியாளர் வயலுக்குச் செல்லும்போது தீய பூச்சிகளை மட்டும் எண்ணாமல் சிலந்திகளையும் எண்ணிக் குறித்தல் வேண்டும். வயலின் பல இடங்களில் குத்துகளைத் தேர்ந்து, தாளை மெல்ல விலக்கி அடிப்பகுதியை நோக்கினால் ஓநாய்ச் சிலந்திகள் ஓடுவது தெரியும். இவ்வெண்ணிக்கையை உழவர் கண்ணெதிரே எடுத்தால், அறிவுரையினும் அது மிகுந்த பயன் தரும். வரப்பிலுள்ள புல்லை முழுவதும் தீயிட்டழிக்காமல் விடுவதும், அறுவடைக்குப்பின் சிறு வைக்கோல் கட்டுகளை வயலில் ஆங்காங்கே வைப்பதும் சிலந்திகளுக்குப் புகலிடம் அளிக்கும்.

ஆசிரியர்கள் பள்ளித் தோட்டத்து வலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தெளிப்பானால் நீரை மென்மையாகத் தூவினால் ஒவ்வோர் இழையும் துலங்கும். ஆரக்கால்களை எண்ணி வரைந்துவைக்குமாறும், மறுநாள் அதே இடத்திலுள்ள வலையோடு ஒப்பிடுமாறும் மாணவருக்குப் பணிக்கலாம். வலையில் சிக்கிய பூச்சிகளின் பெயர்களை ஒரு வாரம் எழுதிவந்தால், பயிருக்கும் வீட்டுக்கும் தொல்லை தருவன அவற்றுள் எத்தனை என்பதை மாணவர் தாமே கணக்கிட்டறிவர்.

விதை, உரம், மருந்து ஆகியவற்றுக்கு உழவன் பணம் கொடுக்கிறான். சிலந்தியின் உழைப்புக்கு விலை இல்லை. அதனை வாழவிடுதல் ஒன்றே அது வேண்டும் கூலி. அக்கூலியை மறுத்தால், அதன் வேலையையும் நாமே செலவிட்டுச் செய்ய நேரும்.